ஆளை உண்டாக்கும் ஒற்றை வரி

இன்று காலை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் அட்டைக்கு லேமினேட் போட்டுக் கொடுத்தேன். சூடான பிளாஸ்டிக் வாசனை எழுந்ததுதான் தாமதம், வெளியே பொலிஸ் ஜீப் ஏதும் வந்து நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டேன். போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லிச் சில மாதங்களாகின்றன. சந்தியில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளையும் எடுத்துவிட்டார்கள். என் காதுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. அந்தப் பிள்ளை மிச்சக் காசுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "பயப்புடுறதுக்கு ஒண்டும் இல்லாட்டி, அதுக்கும் பயந்து போவாய் மச்சான் நீ" என்று சொல்வாயே, அதையே இன்னொரு தடவை சொல்லியிருப்பாய். சிரிப்பதற்குத்தான் நீ இல்லை. ரத்தினபுரிக்கு ஒரு வேலையாகப் போய் மழையில் நனைந்து காய்ச்சலோடு வந்தவன், பனடோல் போட்டால் சரியாகும் என்று படுத்தவன், எழும்பவேயில்லை. ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆகவே இதை எழுதிப் பார்க்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் பயம் உள்ளேயே கிடந்து புளித்துப்போகிறது.

நீ மாவனல்லைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. நான் ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில், லயம் என்கிற வரிசைக் குடியிருப்பின் ஓர் அறைக் காம்பராவில் பிறந்தவன். கேகாலையில் நடந்த கணினி வகுப்பில் ஆளுக்கொரு இயந்திரம் இல்லாததால் நம் இருவரையும் ஒன்றின் முன்னால் உட்கார வைத்தார்கள். நீ விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டாய். நான் பக்கத்தில் இருந்து, "அதை அழுத்தாதே, எல்லாம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்து, உன் வாப்பா பிணை நிற்க, கடைவீதியில் நாம் கடை போட்ட பிறகும் அதே கதைதான். நீ அழுத்துவாய், நான் பதறுவேன்.

சண்டை மறுபடி மூண்ட வருடம் அது. தோட்டத்தில் பாதிப் பேரிடம் தேசிய அடையாள அட்டை கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் வழியில் இறக்கி நிறுத்திக் கேட்டார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஒரு ஏற்பாடு செய்தார்: ஆபீஸிலிருந்தே ஒவ்வொருவருக்கும் ஒரு வதிவிட அட்டை. பெயர், அப்பா பெயர், பிறந்த இடம், லயம், காம்பரா, தோட்டத்துக்கு வந்த திகதி, கீழே துரையின் கையெழுத்து. அதை அச்சடிக்கும் புரோகிராமை எழுதும் வேலை நமக்கு வந்தது. நம்முடைய முதல் பெரிய வேலை. நீ துள்ளினாய். எனக்கு அன்றிலிருந்தே சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நினைவிருக்கிறதா, கடையின் பின்பக்கத்தில் மீன் வைத்த மாலு பணிஸைப் பிய்த்துத் தின்றுகொண்டு நாம் போட்ட சண்டை? ஜாவாவில் எழுதினோம். "வதிவாளர்" என்றொரு கிளாஸ், அதாவது ஆட்களை வார்க்கிற அச்சு. அந்த அச்சிலிருந்து ஒவ்வொரு ஆளையும் கணினிக்குள் எப்படி உண்டாக்குவது என்பதுதான் சண்டை. கன்ஸ்ட்ரக்டர் போதும் என்றாய் நீ. ஒரே வரி. பெயரைக் கொடுத்தால் ஆள் உண்டாகிவிடும். கொடுக்காத இடங்கள் காலியாக இருக்கும். வந்த திகதியைக் கொடுக்க மறந்தால் அன்றைய திகதியை அதுவே போட்டுக்கொள்ளும். என் பயமும் அதுவேதான். கன்ஸ்ட்ரக்டருக்கு இல்லை என்று சொல்லி வழக்கமில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆளைத் தேடி எடுத்துத் தரவும் அதற்கு வராது. ஒரே பெயரைப் பத்துத் தடவை கொடுத்தால், சலிக்காமல் பத்துப் புது ஆட்களைச் செய்து தரும்.

அதை உள்ளே பூட்டிவிட்டு முன்னால் ஒரு ஃபெக்டரி மெதட் வைப்போம் என்றேன் நான். யாராவது ஒரு ஆளைக் கேட்டால் முதலில் அதுதான் பார்க்க வேண்டும். இந்த ஆள் பதிவில் இருக்கிறாரா? இருந்தால் அவரையே எடுத்துக் கொடு. இல்லையென்றால், எப்படி வந்தவர், இங்கே பிறந்தவரா, வெளியிலிருந்து வந்தவரா என்று கேள். அப்புறம் வேண்டுமானால் புது ஆளை உண்டாக்கு.

நீ பணிஸை மேசையில் வைத்துவிட்டுக் கும்பிட்டாய். "ஒரு ஆள உண்டாக்குறதுக்கு நீ ஒரு கவர்மெண்ட் கச்சேரியே கட்டச் சொல்றாய். நாட்டுல ஈக்கிற செக் பொயிண்ட் போதாதா? புரோகிராமுக்குள்ளயும் ஒண்டு வெக்கணுமா ஒனக்கு?"

வழியெல்லாம் ஆட்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறவர்களுக்குப் பயந்து சாகிற நான், என் கையாலேயே இன்னொரு வாசல் காவலனை எழுதிக்கொண்டு நிற்கிறேன். "ஒரு ஆளு போயிட்டுத் திரும்பி வந்தா என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டேன். "எங்க போறது, எங்க திரும்பி வாறது?" என்றாய். உன் வீட்டில் அக்காமார் இருவருக்கும் மாப்பிள்ளைமார்தான் வீட்டோடு வந்து சேர்ந்தார்கள். பெண் வீட்டை விட்டுப் போவதும் திரும்புவதும் நீ கண்ணால் காணாத விஷயம். துரை அவசரப்படுத்தினார். கன்ஸ்ட்ரக்டரை வைத்தே புரோகிராம் தோட்டத்து ஆபீஸுக்குப் போனது.

சில மாதங்கள் ஒரு குறையும் வரவில்லை. தோட்டத்துக் கிளாக்கர் பழைய பதிவுகளைப் பார்த்து எல்லா இடத்தையும் ஒழுங்காக நிரப்பியிருந்தார். அட்டைகள் ஒழுங்காக வந்தன. பார்த்தாயா என்பது போல நீ என்னைப் பார்ப்பாய். நானும் மெல்லச் சாப்பிடத் தொடங்கியிருந்தேன்.

அப்போதுதான் என் தங்கச்சி சாந்தி வீட்டுக்கு வந்தாள். அவளை ரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. நிறைமாதத்தில் புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனான். கல்யாணமாகிப் போனபோதே அவள் பெயரைப் பதிவில் "வெளியேறியவர்" என்று கிளாக்கர் மூடிவிட்டிருந்தார். இப்போது அம்மா போய் அட்டை கேட்டதும், அவர் திரையில் இருந்த ஒரே வழியில் அவளைச் சேர்த்தார். பெயரை அடித்தார், லயத்தையும் காம்பராவையும் அடித்தார். அப்பா பெயரையும் பிறந்த இடத்தையும் அடிக்கவில்லை. சாந்தியைத் தெரியாதவர்கள் யார் என்று விட்டுவிட்டார். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடுகிற புள்ளை மடுவத்தில் தவழ்ந்த நாளிலிருந்து பார்த்த பிள்ளையாயிற்றே.

கன்ஸ்ட்ரக்டருக்குச் சாந்தியைத் தெரியாது. அது ஒரு புதுப் பெண்ணைச் செய்தது. அப்பா இல்லாத, பிறந்த ஊர் இல்லாத, போன செவ்வாய்க்கிழமை எங்கிருந்தோ தோட்டத்தில் வந்து இறங்கிய, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற தமிழ்ப் பெண்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அம்மா த்ரீவீலரிலிருந்து விழாத குறையாகக் கடைக்குள் வந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. "கிளினிக்குக்குப் போற வழியில சாந்திய புடிச்சு வச்சிக்கிட்டாங்கப்பா. பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க. என்னையப் போகச் சொல்லிட்டாங்க" என்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீதான் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தாய், அட்டையில் என்ன இருந்தது என்று கேட்டாய். கேட்ட மாத்திரத்தில் உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். உன் முகம் வெளுத்து நான் பார்த்ததில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

பொலிஸ் நிலையத்து நீண்ட மர வாங்கில் சாந்தி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து பத்தடி தள்ளித்தான் எல்லோரும் நின்றார்கள். ஏன் தள்ளி நிற்கிறார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. சார்ஜன் அட்டையை ஆட்டிக்கொண்டே சிங்களத்தில் சொன்னபோதுதான் விளங்கியது. "அப்பன் பேரு இல்ல, ஊரு இல்ல. வந்தது போன செவ்வாய்க்கிழமை. வயித்தில இருக்கிறது புள்ளைதான்னு நாங்க எப்படி நம்புறது? புள்ளை மாதிரி வேற எதையாவது கட்டிக்கிட்டு வந்திருந்தா? பெண் கான்ஸ்டபிள் வரட்டும். அதுவரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாது."

"அண்ணே, வலிக்குது" என்றாள் சாந்தி.

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. சின்னதிலிருந்து சிங்களப் பிள்ளைகளோடு விளையாடியவன். ஆனாலும் அந்த இடத்தில் ஒரு சொல் வாயில் வரவில்லை. பேசியதெல்லாம் நீதான். பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, நம் கடை வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாய்.

"சேர், அட்டை அடிக்கிற புரோகிராம் நான் எழுதினது. அதுக்கு ஆள விசாரிக்கத் தெரியாது. யார் பேர குடுத்தாலும் அந்த நிமிஷத்தில புதுசா ஒரு ஆள உண்டாக்கிரும். இந்தப் பொண்ணு இங்கேயே பொறந்தவ. பழைய பதிவு அப்படியே உள்ள கிடக்கு. மெஷின் அதைத் தேடிப் பாக்கல்ல. தேடச் சொல்லி நான் எழுதல்ல. வேணும்னா என் கடையில வெச்சுக் காட்டுறேன்."

அதிகாரி சார்ஜனை நம்மோடு அனுப்பினார்.

கடையில் நீ இயந்திரத்தைப் போட்டு, திரையைத் திறந்தாய். சார்ஜன் என் தோளில் விரலை வைத்து, "இவன் பேர அடி, பாப்போம்" என்றார். அந்த ஊரில் அந்த நாளில், என் பெயரில் இன்னொரு அட்டை அச்சாகி ஒரு பொலிஸ்காரர் கைக்குப் போனால், அப்புறம் நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருந்தது. நீ திரும்பியே பார்க்கவில்லை. விசைகளைத் தட்டிக்கொண்டே, "அடிச்சு முடிஞ்சுது சேர், என் பேர போட்டுட்டேன்" என்றாய். நாலாம் நம்பர் லயம், ஏழாம் காம்பரா. அப்பா பெயர் காலி. பிறந்த இடம் காலி. வந்த திகதி அன்றைய திகதி. மாவனல்லைக் கடைக்காரர் மகன் ஒரு நொடியில் றப்பர் தோட்டத்து ஆளானான்.

அச்சடித்து, வெட்டி, லேமினேட் செய்து, இன்னும் சூடு ஆறாத அட்டையைச் சார்ஜனிடம் நீட்டினாய். அந்த வாசனைதான் இன்று காலை வந்தது.

பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பியதும் அதிகாரி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்குள் பெண் கான்ஸ்டபிள் வந்து சாந்தியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து, "புள்ளைதான் சேர், இடுப்பு வலி தொடங்கிட்டுது" என்று சொல்லியிருந்தார். எல்லாம் தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டேன். நான் மூச்சு விடும்போதெல்லாம் ஏதாவது நடக்கும்.

"அப்படின்னா இந்த மெஷின்ல யாருக்கு வேணும்னாலும் அட்டை அடிக்கலாம்" என்றார் அதிகாரி. கேள்வியாகக் கேட்கவில்லை. "நீ இந்தத் தோட்டத்து ஆள் இல்ல. ஆனா தோட்டத்து அட்டை உன் பேர்ல இருக்கு. இதே மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு அடிச்சுக் குடுத்தீங்க ரெண்டு பேரும்?"

நம் கன்ஸ்ட்ரக்டரின் குறையை அவர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். அது யாரையும் மறுக்காது. சாந்தியைக் காப்பாற்றப் போட்டுக் காட்டிய அதே ஒற்றை வரி, இப்போது நம் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றது. வாங்கில் சாந்தி முனகுவது கேட்டது. இரண்டு பேரையும் உள்ளே போட்டால் அவளை யார் கொண்டு போவது என்ற ஒரே நினைப்புதான்.

"ரெண்டு பேரும் இல்ல சேர், நான்தான் எழுதினேன்" என்றாய் நீ. "இவன் இப்படி வேணாம்னு சொன்னவன். வாசல்ல விசாரிக்க ஆள் வெக்கணும்னு சண்டை புடிச்சவன். நான்தான் கேக்கல்ல. இவன் பயந்தவன் சேர், அதனாலதான் சரியாச் சொன்னான்."

பிறகு என் பக்கம் திரும்பாமல் தமிழில், மெதுவாக, "போ மச்சான், தங்கச்சிய கூட்டிட்டுப் போ" என்றாய்.

போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, உள்ளே இருக்கிற சாந்திக்கு அரைப் பயமும் உனக்கு அரைப் பயமுமாக நடுங்கினேன். பொழுது சாயும்போது பெண் குழந்தை என்று தாதி வந்து சொன்னார். எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை. அங்கிருந்தே ஓடிப்போய் உன் வாப்பாவுக்குப் போன் பண்ணினேன். மறுநாள் பின்னேரம் அவரும் ஊர் முதலாளி ஒருவரும் வந்து கையெழுத்துப் போட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. வலது கை விரல்கள் வீங்கியிருந்தன. "கதவுல பட்டுட்டுது" என்றாய். அடுத்த வாரம் முழுவதும், நம் வாழ்க்கையில் முதல் தடவையாக, விசைப்பலகை என் கையில் இருந்தது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கன்ஸ்ட்ரக்டரை வெளியிலிருந்து யாரும் தொட முடியாதபடி பூட்டினோம். அதற்கு முன்னால் மூன்று ஃபெக்டரி மெதட்கள் வைத்தோம்: பிறந்தவர், வந்தவர், திரும்பியவர். மூன்றும் முதலில் பதிவைத் தேடிப் பார்க்கும். அப்பா பெயரும் ஊரும் இல்லாமல் புதிதாக எவரையும் உண்டாக்க மறுக்கும். ஏற்கெனவே இருக்கிற ஆளை இன்னொரு தடவை உண்டாக்காது, அந்த ஆளையே எடுத்துக் கொடுக்கும்.

"கடைசில நீயே ஒரு செக் பொயிண்ட் வச்சிட்டாய், சந்தோஷமா?" என்று கேட்டேன், உன் வாயைக் கிளற.

நீ வீங்கிய விரலைத் தடவிக்கொண்டாய். "செக் பொயிண்ட் இல்லடா இது. வீட்டு ஆள் கதவத் தொறக்கிற மாதிரி. 'அட, நீயா, வா' எண்டு கேக்கிறது. அங்க ஒருத்தனும் அப்புடிக் கேக்கல்ல, அதான்" என்றாய். அந்த ஓர் இரவைப் பற்றி நீ சொன்னது அவ்வளவுதான்.

தோட்டத்துப் பதிவுகளையும் சேர்த்துக் கடை இயந்திரத்தில் இருந்ததை அப்படியே தோட்டத்து ஆபீஸுக்குக் கொண்டுபோய் ஏற்றினோம். நாலாம் லயத்தில் உன் பெயரும் அதோடு போனது. எடுத்துவிடவா என்று பதறினேன். "கெடக்கட்டும், சோதிச்சுப் பாக்க ஒரு ஆள் வேணும்தானே" என்று விட்டுவிட்டாய்.

போன வாரம் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கிற கிளாக்கர் கூப்பிட்டார். அட்டை இனி வேண்டாமாம். பதிவுகளை மட்டும் கொழும்பில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். அதற்கு முன் தோட்டத்தில் இல்லாதவர்களை எடுத்துவிட வேண்டும். "தம்பி, நாலாம் நம்பர் லயத்துல ஒரு பேரு கெடக்குது. அப்பா பேரும் இல்ல, ஊரும் இல்ல. யாருன்னே தெரியலிங்க. பாக்கவே பயமா இருக்கு. எடுத்துறவா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க, நானே வாறேன்" என்று பஸ் ஏறினேன். ஆபீஸில் உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, "வந்தவர்" திரையைத் திறந்து உன் பெயரை அடித்தேன். இயந்திரம் ஒரு கணம் தேடியது. நீ சொல்லி நான் அடித்த வாக்கியம் திரையில் வந்தது: இவர் ஏற்கெனவே இங்கே இருக்கிறார்.

நான் உன் பதிவைத் திறந்து, காலியாகக் கிடந்த இடங்களை நிரப்பினேன். பிறந்த இடம் மாவனல்லை. அப்பா பெயர் என்ற இடத்தில் உன் வாப்பாவின் பெயர். அடித்து முடித்து, மூடினேன்.

"கொழும்புல இருந்து கேட்டா என்னங்க சொல்றது? நம்ம லயத்துல அப்படி ஒரு ஆளே இல்லையே" என்றார் அவர். நியாயமான கேள்வி. போர் முடிந்தாலும், இல்லாத ஒருவனைப் பதிவில் வைத்திருப்பது விளையாட்டுக் காரியமில்லை. நான் பழையபடியே வாசலைப் பார்த்தேன். பயம் எங்கும் போகவில்லை, இதை எழுதும்போதும் போகவில்லை. ஆனால் இந்தத் தடவை வாய் திறந்தது.

"யாரு போட்டதுன்னு கேட்டா, நான்தான் போட்டேன்னு சொல்லுங்க" என்றேன்.